இரவு பஸ்ஸில் நித்திரையாய்க் கடந்த கரை: கொழும்பிலிருந்து மன்னாருக்கு ஐந்து நாள்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில் போய்வருகிற யாரிடமாவது சிலாபம் எப்படியான ஊர் என்று கேட்டுப் பாருங்கள். "தேத்தண்ணிக்கு நிப்பாட்டுற பக்கம்" என்பார்கள். புத்தளம்? "அதுக்குள்ள நித்திரை." வெள்ளவத்தையில் வளர்ந்த எனக்கும் முப்பது வயது தாண்டும் வரை அவ்வளவுதான் தெரியும். அந்தப் பாதையில் நூறு தடவையாவது போயிருப்பேன். இடப்பக்கம் சில கிலோமீற்றரில் கடல் கூடவே வந்துகொண்டிருந்தது என்பதைப் பகலில் ஒருநாள் போனபோதுதான் கண்டேன்.

எங்கள் வீடுகளில் 'பீச் ட்ரிப்' என்றால் வாகனம் தானாகவே தெற்கே திரும்பும். ஹிக்கடுவ, உனவட்டுன, வெலிகம, மிரிஸ்ஸ. 2011இல் தெற்கு ஹைவே காலி வரை திறந்த பிறகு அது இன்னும் சுலபமாகிவிட்டது. எல்லோருக்கும் சுலபமாகிவிட்டது என்பதுதான் தொல்லை. சனிக்கிழமை காலை அங்கே வாகனம் நிறுத்த இடம் தேடுகிற நேரத்துக்கு வடக்கே போயிருந்தால் சிலாபம் தாண்டியிருக்கலாம். கீழே சொல்வது வடமேல் கரை வழியாக மன்னார் வரை, அவசரமில்லாமல், ஐந்து நாளில் போய்வருகிற திட்டம். முதல் தடவை சொந்தமாக வாகனம் ஓட்டிப் போகிறவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். மூன்று நாள்தான் லீவு என்றால் கற்பிட்டியோடு திரும்பிவிடுங்கள். மன்னாரையும் மூன்று நாளுக்குள் அடைக்கப் பார்த்தால் ரோட்டைத்தான் பார்ப்பீர்கள்.

மாதத்தைத் தெரிவு செய்தல்

விடுதி தேடுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று இந்தக் கரையில் நேரே அடிக்கும். மழை குறைவுதான், ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும், மணல் முகத்தில் அறையும். நீர்கொழும்பு, சிலாபம், உடப்புப் பக்கத்து மீனவர்களில் பலர் அந்தக் காலத்தில் வலையையும் வள்ளத்தையும் ஏற்றிக்கொண்டு திருகோணமலை, முல்லைத்தீவு என்று கிழக்கே வாடி (தற்காலிகக் குடிசை) அடிக்கப் போய்விடுவார்கள். கடலோடு பிறந்தவர்களே விட்டுப்போகிற மாதத்தில் நாங்கள் போய் என்ன செய்வது?

ஒக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. தெதுறு ஓயா, கலா ஓயா, மல்வத்து ஓயா மூன்றும் இந்த வழியில்தான் கடலுக்கு இறங்குகின்றன. பெருக்கெடுத்தால் ரோட்டும் சேர்ந்து தண்ணீருக்குள் போகும். அந்த மாதங்களில் போயே ஆகவேண்டுமானால் புறப்படுவதற்கு முதல் நாள் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துப் பாதை நிலைமையைக் கேளுங்கள்.

மிச்சம் இருப்பது தைப்பொங்கல் முடிந்து மார்ச் கடைசி வரையான காலம். அதுதான் என் தெரிவு. கடல் அடங்கியிருக்கும், கரைவலை இழுப்பு நடக்கும், கற்பிட்டியில் டொல்பின் காலம், மன்னாரில் நாரைகளும் பூநாரைகளும் இருக்கும். ஏப்ரலில் வெயில் மண்டையைப் பிளக்கும். சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் கடைகளும் பூட்டு.

நாளைத் தெரிவு செய்தல்

கூட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் கலண்டர்தான். போயா (பௌர்ணமி விடுமுறை) வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் கொழும்பே காலியாகி வீதியில் நிற்கும். அந்த வார இறுதியைத் தொடவே வேண்டாம். ஜூன் பொசன் போயா வாரத்தில் அநுராதபுரத்தைக் கடக்க நினைக்காதீர்கள். தலவில் சாந்த அன்னம்மாள் ஆலயத் திருவிழா மார்ச்சிலும் ஜூலை, ஆகஸ்டிலும் வரும். அப்போது கற்பிட்டி ரோட்டு முழுக்க யாத்திரீகர் வாகனம். மடு மாதா திருவிழா ஓகஸ்ட் 15. முன்னேஸ்வரம் திருவிழாவும் ஓகஸ்ட், செப்டம்பர் பக்கம்தான். திருவிழாவுக்காகவே போவதென்றால் அது வேறு விஷயம், போகத்தான் வேண்டும். அமைதி தேடிப் போகிறவர் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது.

கிழமைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரை கத்தோலிக்க மீனவர்களின் கரை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடலுக்குப் போகமாட்டார்கள், மீன் சந்தை சோர்ந்திருக்கும். புத்தளம், கற்பிட்டியில் வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் கடைகள் பூட்டியிருக்கும். ஆகவே திங்கள் விடியப் புறப்பட்டு வெள்ளி பின்னேரம் திரும்புவது எல்லாவற்றுக்கும் பொருந்துகிறது. வெள்ளி பின்னேரம் கொழும்பை விட்டு வெளியேறுகிற நெரிசல் உங்களுக்கு எதிர்ப்பக்கம் நகரும். அதைப் பார்ப்பதும் ஒரு சந்தோஷம்தான்.

வாகனமும் சாமானும்

நான்கு சில்லு இழுவை வாகனம் தேவையில்லை. சாதாரண கார் போதும், ஆனால் நிலத்தோடு உரசுகிற அளவுக்குத் தாழ்ந்ததாக இருக்கக்கூடாது. ஸ்பெயார் ரயரில் காற்று இருக்கிறதா, ஜக் எங்கே இருக்கிறது, அதை உங்களுக்குப் பாவிக்கத் தெரியுமா என்று வீட்டு வாசலிலேயே பாருங்கள். லைசன்ஸ், இன்சூரன்ஸ், ரெவனியூ லைசன்ஸ் மூன்றும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கார் என்றால் ஊருக்குள் 50, ஊருக்கு வெளியே 70, ஹைவேயில் கூடியது 100. சிலாபம் ரோட்டில் வளைவுக்கு வளைவு பொலிஸ் நிற்கும். எதிரே வருகிறவர் லைட் அடித்துக் காட்டுவார் என்று நம்பி ஓட்டாதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் ஓட்டப்போவதாக இருந்தால் அவருடைய நாட்டு லைசன்ஸ் மட்டும் போதாது. இங்கே செல்லுபடியாகும் அனுமதியை முதலிலேயே எடுத்துவைக்க வேண்டும்.

தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். கற்பிட்டியிலும் மன்னாரிலும் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் சவர். குளிக்கலாம், குடிக்க முடியாது. காசும் கையில் இருக்கட்டும், சிறு கடைகளில் காட் எடுபடாது. மேப்பைத் தொலைபேசியில் இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். அந்த மேப் மூன்று மணித்தியாலம் என்று சொன்னால் நாலரை என்று எடுங்கள்.

பெண்களும் வயதானவர்களும் கூட வருகிறார்கள் என்றால் கழிப்பறையை வைத்தே திட்டம் போடவேண்டும். இதை எந்தப் பயணக் கட்டுரையிலும் எழுதமாட்டார்கள். அம்மாவோடு போன முதல் பயணம் முழுக்க அவர் தண்ணீரே குடிக்காமல் வந்தார். காரணம் எனக்கு இரண்டாம் நாள்தான் புரிந்தது. பெரிய பெற்றோல் செட்டுகள், பட்டணங்களில் உள்ள சுப்பர் மார்க்கட்டுகள், பெரிய தேவாலய வளவுகள் ஆகியவற்றை ஓரளவு நம்பலாம். சிலாபம், புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி, மன்னார் பட்டணங்களில் தேவை இருக்கிறதோ இல்லையோ ஒருமுறை நிறுத்துங்கள். இடையில் உள்ள தூரத்தை நம்பவேண்டாம்.

விடுதி விஷயத்தில் ஒரு அனுபவம். கடலோரம் என்று படம் போட்டிருந்த ஒரு இடத்துக்குப் பணம் கட்டிப் போய் இறங்கினோம். படம் உண்மைதான், கடலும் உண்மைதான், இரண்டுக்கும் நடுவில் இரண்டு கிலோமீற்றர் தென்னந்தோட்டம். அதற்குப் பிறகு எந்த இடமானாலும் தொலைபேசியில் பேசி, கடலுக்கு நடந்துபோகலாமா, குழாய்த் தண்ணீர் நன்னீரா, கரண்ட் போனால் ஜெனரேட்டர் உண்டா என்று கேட்காமல் முற்பணம் கட்டுவதில்லை. இன்னொன்று, இந்தப் பக்கத்துச் சிறு விடுதிகளில் சமைத்துவைத்துக் காத்திருக்கமாட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் இரவுச் சாப்பாட்டைப் பின்னேரம் நாலு மணிக்குள்ளும் சொல்லிவிடுங்கள். அப்போதுதான் அன்றைய மீன் கிடைக்கும்.

முதல் நாள்: கொழும்பு, நீர்கொழும்பு, சிலாபம்

காலை நாலரைக்குப் புறப்பட்டால் கொட்டாஞ்சேனை லொறிகள் முழித்துக்கொள்வதற்குள் களனிப் பாலம் தாண்டிவிடலாம். அங்கிருந்து இரண்டு வழி. கட்டுநாயக்க ஹைவேயில் ஏறினால் அரை மணிக்குள் விமான நிலையப் பக்கம் போய்விடுவீர்கள். வேண்டாம். வத்தளையில் இடப்பக்கம் திரும்பி ஹெந்தளை, உஸ்வெட்டகெய்யாவ, பமுனுகம வழியாகப் போகிற பழைய ரோட்டைப் பிடியுங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் முத்துராஜவெல சதுப்பு. நடுவே ஹமில்டன் வாய்க்கால் கூடவே வரும். சதுப்பில் ஏறிய உப்புத் தண்ணீரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தது. விடியற்புறத்தில் அதில் வள்ளங்கள் கட்டிக்கிடக்கும், தேவாலய மணி அடிக்கும். கொழும்பிலிருந்து முக்கால் மணித்தியாலத்தில் இப்படி ஒரு ரோட்டு இருப்பது பலருக்குத் தெரியாது. ஒடுக்கமான பாதை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிற நேரத்துக்கு முன் கடந்துவிடுங்கள்.

பிட்டிபன வழியாக நீர்கொழும்பு. கரையில் பாய்போல விரித்துக் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். அங்கே வயதான மீனவர்களிடம் தமிழில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், சில பேர் தமிழிலேயே பதில் சொல்வார்கள். பிள்ளைகள் சிங்களத்தில் சிரிப்பார்கள். இரண்டு தலைமுறைக்குள் ஒரு கரை மொழி மாறிய கதையை அங்கே நின்று கேட்கலாம். விடுதிகள் நிறைந்த ஏத்துக்கால் பக்கம் திரும்பத் தேவையில்லை. அது வெள்ளைக்காரருக்கும் விமானம் பிடிக்கிறவர்களுக்கும்.

கொச்சிக்கடையில் மா ஓயாப் பாலம் தாண்டியதும் வைக்கால, வென்னப்புவ, மாரவில. கடற்பக்கமாகச் சிறு ரோட்டுகள் உண்டு. இடைக்கிடை இறங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பெரிய ரோட்டுக்கு வாருங்கள். மாரவிலப் பக்கம் கடல் கரையை அரித்துக்கொண்டு வருவதால் பல இடங்களில் மணலுக்குப் பதில் கருங்கல்தான் கிடக்கிறது. வென்னப்புவவில் பெரிய பெரிய மாடி வீடுகள் வரிசையாக வரும். இத்தாலியில் உழைத்த காசு. மாதம்பையில் ரோட்டோரம் தனிவெல்ல தெய்வத்தின் கோயிலில் உள்ள குதிரைச் சிலைக்கு முன் லொறி, பஸ் எல்லாம் நின்று காணிக்கை போட்டுவிட்டுப் போகும். நானும் ஒவ்வொரு தடவையும் நிற்பேன். முன்னால் யானைக் காடு இருக்கிறதே.

சிலாபத்தை மத்தியானத்துக்குப் பிடித்தால் நண்டுக் கறியோடு சோறு. பின்னேரம் முன்னேஸ்வரம். பஞ்ச ஈஸ்வரங்களில் ஒன்று. கிழமை நாளில் போனால் பிரகாரத்தில் நீங்களும் நாலு புறாவும்தான். இரவு சிலாபத்திலோ அதைச் சுற்றியோ தங்குங்கள். ஒரே நாளில் கற்பிட்டி வரை ஓட்டலாம், தூரம் ஒன்றுமில்லை. ஆனால் மறுநாள் விடியப் பார்க்கவேண்டியது பக்கத்தில்தான் இருக்கிறது.

இரண்டாம் நாள்: உடப்பு, புத்தளக் களப்பு, கற்பிட்டி

ஐந்தரைக்கு வெளிக்கிடுங்கள். சிலாபத்துக்கும் பத்துளுஓயாவுக்கும் இடையில் இடப்பக்கம் ஆனைவிழுந்தான் குளங்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழிந்து போகும்படி பழங்காலத்தில் கட்டிய குளத்தொடர், 2001இல் சர்வதேச முக்கியத்துவமுள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பறவை பார்க்கிறவர்கள் ஒரு மணித்தியாலம் ஒதுக்கலாம். மற்றவர்கள் நேரே பத்துளுஓயாவில் இடப்பக்கம் திரும்பி உடப்புக்குப் போங்கள்.

உடப்பு தமிழ் மீனவக் கிராமம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. திரௌபதை அம்மன் கோயில் ஆடித் தீமிதிப்புக்குப் பெயர்போனது. மற்ற மாதங்களில் வெளியூர்க்காரர் யாரும் எட்டிப்பார்ப்பதில்லை. போனால் கரைவலை இழுப்பைப் பாருங்கள். விடிய முன் வள்ளத்தில் கொண்டுபோய் அரைவட்டமாக வளைத்துவிட்ட வலையின் இரண்டு கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். மடி கரைக்கு வர இரண்டு, மூன்று மணித்தியாலம் ஆகும். முன்பெல்லாம் அம்பா பாடி இழுத்தார்கள், ஒருவர் அடி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பிறகு பல இடங்களில் ட்ரக்டர் இழுக்கத் தொடங்கியது, அதற்கு அம்பா தேவையில்லை. ஆனாலும் கடைசி இழுப்பில் கை போடுகிறபோது யாராவது ஒரு கிழவர் முணுமுணுப்பார். காதைக் கொடுத்து நில்லுங்கள்.

இங்கே நடந்துகொள்ளவும் ஒரு முறை இருக்கிறது. கயிறு போகிற வழியில் நிற்காதீர்கள், கயிற்றைத் தாண்டாதீர்கள். படம் எடுப்பதற்கு முன் வலையின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மீன் வேண்டுமென்றால் பங்கு பிரித்து முடியும் வரை பொறுங்கள். குளிக்க இறங்குவதற்கு முன்பும் கேளுங்கள். இந்தக் கரையில் உயிர்காப்பாளர் கிடையாது. நான் கால் நனைக்கப் போன இடத்தில் ஒரு பெரியவர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்: "பிள்ளை, அதில இறங்காதீங்க. அடியில மண் வாங்கியிருக்கு. அந்தாப் பக்கம் போங்க." இருபது அடி தள்ளி, அவர் காட்டிய இடத்தில் தண்ணீர் முழங்காலளவு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். களப்பு கடலோடு சேர்கிற முகத்துவாரங்களில் எங்கேயும், எப்போதும் இறங்கவேண்டாம்.

முந்தல், மதுரங்குளி தாண்டி பாலாவிச் சந்தி. இடப்பக்கம் திரும்பினால் கற்பிட்டி, ஏறத்தாழ 40 கிலோமீற்றர். திரும்புவதற்கு முன் பெற்றோல் நிரப்பிக்கொள்ளுங்கள். முதலில் உப்பளங்கள், பிறகு நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கி, அதன் பிறகு வெங்காயம், மிளகாய், பீட்ரூட் தோட்டங்கள். மணலில் இவ்வளவு பச்சை எப்படி வருகிறது என்று யோசிக்கவைக்கும். நடுரோட்டில் கழுதைகள் நிற்கும். ஹோர்ன் அடித்துப் பயனில்லை, அவை யோசித்து முடிக்கும் வரை பொறுங்கள். பேச்சு முழுக்கத் தமிழ். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறிய ஊர்களும் இந்த வழியில் இருக்கின்றன. தேநீர்க் கடையில் உட்கார்ந்து "எந்த ஊர்?" என்று கேட்டால் சிலர் இன்னும் மன்னார், யாழ்ப்பாணம் என்றே சொல்வார்கள்.

கற்பிட்டி இப்போது அவ்வளவு ரகசியமான இடமில்லை. காற்றுப் பட்டத்தில் கடலில் சறுக்குகிறவர்கள் மே முதல் ஒக்டோபர் வரை வந்து நிறைவார்கள், டிசம்பரிலிருந்து மார்ச் வரையும் கொஞ்சம் பேர். அவர்கள் கூடுவது குடாவைச் சுற்றி. ஆலங்குடா, தலவில் பக்கம் தங்கினால் அந்தச் சத்தம் எட்டாது. தலவில் ஆலய வளவின் மரநிழலில் மத்தியானத்தைக் கழிக்கலாம். ஊருக்குள் 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை கடற்படையிடம் இருக்கிறது, வாசலில் கேட்டுப் பார்க்கலாம்.

டொல்பின் பார்ப்பது நவம்பர் முதல் ஏப்ரல் வரை, விடியக் காலையில். வெயில் ஏறினால் கடலும் எழும்பும். வள்ளத்தில் ஏறும்போது உயிர்காப்பு அங்கி எண்ணிப் பாருங்கள், ஆளுக்கொன்று இல்லாவிட்டால் ஏறவேண்டாம். டொல்பினைத் துரத்தாத ஓட்டுநரைத் தேடுங்கள். என்ஜினை நிறுத்திக் காத்திருந்தால் அவையே வரும்.

மணலில் வாகனத்தை இறக்குவது பற்றி ஒரு வார்த்தை. கண்டக்குழிப் பக்கம் கடலைக் கிட்டப் பார்க்கிற ஆசையில் காரை இறக்கி, முன்சில்லு இரண்டும் பாதிக்குப் புதைந்து, கூடக் கூட அக்சிலரேட்டரை மிதித்து இன்னும் ஆழமாக்கிய புத்திசாலி நான்தான். வலை பிரித்துக்கொண்டிருந்த நாலு பேர் வந்தார்கள். ரயரில் பாதிக் காற்றை இறக்கி, சில்லுக்கு முன்னால் தென்னோலை போட்டு, மெதுவாக இரண்டாம் கியரில் எடுக்கச் சொன்னார்கள். வெளியே வந்துவிட்டது. அதிலிருந்து சிகரட் லைட்டர் துளையில் சொருகுகிற சிறு காற்றுப் பம்ப் ஒன்று எப்போதும் வாகனத்தில் இருக்கிறது. தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடப்பது அதைவிட நல்லது.

மூன்றாம் நாள்: காட்டைச் சுற்றி மன்னாருக்கு

மேப்பில் புத்தளத்திலிருந்து எலுவன்குளம் வழியாகக் கரையோரமாக மன்னாருக்கு ஒரு கோடு தெரியும். பார்த்தவுடன் ஆசை வரும். அது வில்பத்துத் தேசிய பூங்காவுக்குள் போகிற, வழக்கில் சிக்கிய பாதை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். சுற்றித்தான் போகவேண்டும்: புத்தளத்திலிருந்து அநுராதபுரம் 75 கிலோமீற்றர் அளவில், அங்கிருந்து மதவாச்சி, மதவாச்சியிலிருந்து மன்னார் ஏறத்தாழ 85. கடலை விட்டு ஒரு பகல் காட்டு வழி.

கருவலகஸ்வெவ, நொச்சியாகமப் பக்கம் யானை ரோட்டைக் கடக்கும். மதவாச்சிக்கு மேலேயும் அப்படித்தான். ஆகவே அன்றைக்கு ஒரு சட்டம்: பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கே இருந்தாலும் அடுத்த ஊரில் நில்லுங்கள். கண்டால் தூரத்தில் நிறுத்தி, அதற்கு வழி விடுங்கள். பழம் போடுகிறவர்கள்தான் யானையை ரோட்டுக்குப் பழக்குகிறார்கள்.

மடு சந்தி, முருங்கன். முருங்கனில் நேரே மன்னாருக்குப் போகாமல் இடப்பக்கம் சிலாவத்துறைக்குத் திரும்புங்கள். அங்கிருந்து கரையோரமாக அரிப்பு, வங்காலை, மன்னார். இந்த முழுப் பயணத்திலும் ஒரே ஒரு திருப்பத்தைத்தான் எடுக்கலாம் என்றால் நான் இதையே சொல்வேன். அரிப்பில் கடலோர மேட்டில் சிதைந்த செங்கல் சுவர்கள் நிற்கும். முத்துக் குளிப்பை மேற்பார்வை செய்ய ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் 1801க்கும் 1804க்கும் இடையில் கட்டிய மாளிகை. ஊர்ச்சனம் அதை அல்லிராணி கோட்டை என்கிறது. நோர்த்தை அங்கே யாருக்கும் தெரியாது, அல்லிராணியை எல்லோருக்கும் தெரியும். கடல் அடியை அரித்துக்கொண்டு வருவதால் சுவரருகே ஏறாதீர்கள். அருவியாறு (மல்வத்து ஓயாதான்) கடலில் விழுகிற இடமும் பக்கத்தில்தான். வங்காலைச் சரணாலயத்தில் ஜனவரி, பெப்ரவரியில் தண்ணீருக்கு மேல் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது பூநாரைக் கூட்டம். ஒரு பைனாகுலர் கொண்டுபோங்கள், கிட்டப் போகவேண்டாம்.

நான்காம் நாள்: மன்னார்த் தீவு

காலையில் திருக்கேதீஸ்வரம். பாலம் தாண்டித் திரும்பவும் பெருநிலப் பக்கம் வரவேண்டும், தூரமில்லை. சம்பந்தரும் சுந்தரரும் மாதோட்டத்தைப் பாடிய பதிகம் யாருக்காவது தெரிந்தால் கோயில் தீர்த்தமான பாலாவிக் கரையில் நின்று பாடட்டும். வெயில் ஏறியதும் பள்ளிமுனைப் பெருக்கமரம் (பாவோபாப்), போர்த்துக்கீசர் 1560இல் கட்டத் தொடங்கிய கோட்டை. மத்தியானம் எங்கேயும் நகரவேண்டாம், மன்னார் வெயில் பொல்லாதது.

மூன்றரைக்குப் பேசாலை வழியாகத் தலைமன்னார். 1914இலிருந்து இந்தப் பியரில்தான் (இறங்குதுறை) தனுஷ்கோடிக் கப்பல் வந்து நின்றது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அடித்துக்கொண்டு போனது. கொழும்பு ரயில் 2015இல் திரும்பவும் இதுவரை வந்துவிட்டது, கப்பல் வரவில்லை. எங்கள் தாத்தா இந்த வழியாகத்தான் திருச்சிக்குப் படிக்கப் போனார் என்று அம்மா பியரில் நின்று மூன்று தடவை சொன்னார். பக்கத்தில் கடற்படை இருக்கிறது, முகாமைப் படம் எடுக்காதீர்கள். மன்னார் ஊர்ச்சனம் பின்னேரத்தில் கூடுவது கீரிக் கடற்கரையில். கச்சான் வாங்கிக்கொண்டு அவர்களோடு உட்காரலாம்.

ஐந்தாம் நாள்: திரும்பும் வழி

கொழும்புக்கென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். விடியப் புறப்பட்டு, அநுராதபுரத்திலிருந்து பாதெனிய, குருநாகல் வழியாக இறங்குங்கள். வந்த வழியே திரும்புவதைவிட அது மாற்றமாக இருக்கும். குருநாகலிலிருந்து மீரிகம வரை ஹைவேயும் உண்டு.

லீவு மிச்சமிருந்து, யாழ்ப்பாணத்தில் வீடும் இருந்தால் திரும்பாதீர்கள். மன்னாரிலிருந்து விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, வெள்ளாங்குளம், பூநகரி என்று கரையை ஒட்டியே ரோட்டு போகிறது. மன்னாரில் பெற்றோல் முழுக்க அடித்துக்கொள்ளுங்கள். பூநகரியில் இடப்பக்கம் கௌதாரிமுனைக்கு ஒரு மணல் வழி பிரியும். அங்கே மணற்குன்றும், மண்ணித்தலையில் இடிந்த சிவன் கோயிலும், கடலும் தவிர வேறொன்றுமில்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. பிறகு சங்குப்பிட்டிப் பாலம். 2011இல் பாலம் திறக்கும் வரை 'பாதை' என்கிற மிதவையில் ஏறித்தான் கடந்தார்கள். பாலத்தில் பின்னேரக் காற்று வாகனத்தைத் தள்ளும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடியுங்கள்.